மனத்தில் பொங்கிய சோறு பசி தீர்க்குமா?

சென்னையில் இருந்து அரக்கோணம் செல்லும் ரெயில் பாதையில், ஆவடியைத் தாண்டி இருக்கிறது திருநின்றவூர். பூசலார் நாயனார் பிறந்த ஊர்.

பூசலாருக்குச் சிவபெருமானுக்கு ஒரு கோவில் கட்ட ஆசை. கையில் காசு இல்லை. அலைந்து பார்த்தும் பொருள் சேரவில்லை. ஆகவே மனத்துக்குள்ளேயே கல் அடுக்கினார், மதில் எழுப்பினார், குளம் வெட்டினார். குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோவிலுக்கும் அதே நாள்தான். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, "நீ வேறு நாள் பார்த்துக்கொள்" என்று கூறிவிட்டாராம். பெரிய புராணம் சொல்லும் கதை இது.

கடவுளுக்கு மனத்தில் கோவில் கட்டலாம். பசித்தவனுக்கு மனத்தில் சோறு பொங்க முடியுமா?

முடியாது என்கிறது கிறிஸ்தவர்களின் வேதாகமம். பட்டினி கிடப்பவனிடம் இரண்டு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டால் அவன் வயிறு நிறைந்துவிடுமா என்று கேட்கிறார் யாக்கோபு. ஏழைக்கு இட்ட சோறு தமக்கே இட்டதாகும் என்கிறார் ஏசுநாதர். மத்தேயு சுவிசேஷத்தின் 25-ம் அதிகாரத்தில் இது வருகிறது.

பழைய ஏற்பாட்டில் இன்னொரு சட்டம் உண்டு. நெல் விளைவிக்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும். அறுவடையின்போது வயல் ஓரத்தை ஒட்ட அறுக்கக் கூடாது. சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது. அவை ஏழைக்கும் அயலூரானுக்கும் உரியவை. இது பிச்சை அல்ல, உரிமை! அவர்களே வயலில் இறங்கி எடுத்துக்கொள்ளலாம். அப்படிக் கதிர் பொறுக்கிப் பிழைத்த விதவைதான் ரூத். பிற்காலத்தில் நாடாண்ட தாவீது ராஜாவுக்கு அவள் கொள்ளுப்பாட்டி.

மாயூரத்தில் கஞ்சி

இந்தப் போதனையை ஏட்டோடு விட்டுவிடாத தமிழர் ஒருவர் இருந்தார். அவர்தான் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826-ல் திருச்சியை அடுத்த குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். 1879-ல் வெளிவந்த தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை எழுதியவரும் அவரே.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டியது தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். 1877-ல் வெள்ளைக்கார சர்க்கார், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு ஒரு நாள் கூலியாக ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று முடிவு செய்தது. ஒரு பவுண்டு என்பது அரை கிலோவுக்கும் குறைவு. நாள் முழுதும் உடல் நோக உழைப்பவனுக்கு இது எந்த மூலைக்கு? கஜானாவைப் பார்த்தார்களே தவிர, வயிற்றைப் பார்க்கவில்லை.

பிள்ளை அப்போது உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றிருந்தார். கவர்னரும் அல்ல, ஜமீன்தாரும் அல்ல. ஆனாலும் சேர்த்த பொருளை எடுத்துச் செலவழித்தார். பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார்.

'நந்தனார் சரித்திரம்' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தப் பக்கத்திலேயே வாழ்ந்தவர், பழுத்த சிவபக்தர். பிள்ளையின் கொடையைப் புகழ்ந்து அவர் ஒரு கீர்த்தனையே இயற்றினார்.