பழைய சாவியும் புதிய பூட்டும்

கன்னிவாடியில் உங்கள் வீட்டுக் கதவில் தொங்குவது திண்டுக்கல் பூட்டாக இருக்கலாம். அதன் சாவியை உற்றுப் பாருங்கள். அதிலுள்ள வெட்டுகள், பூட்டின் உள்ளே இருக்கும் லீவர்களுக்கு ஏற்றவாறு அராவப்பட்டவை. பூட்டை மாற்றிவிட்டுப் பழைய சாவியைப் போட்டால் திறக்குமா? திறக்காது. சாவியில் குறையில்லை, அது வேறு பூட்டுக்குச் செய்தது.

கணிப்பொறி நிரலுக்கும் இதே நிலை வருவதுண்டு. ஒரு கணிப்பொறியில் நன்றாக ஓடிய நிரல் மற்றொன்றில் ஓட மறுக்கும். ஏன்?

நிரல் தனித்து இயங்குவதில்லை. அதற்கு மொழியின் விதிகள் வேண்டும், நூலகமும் வேண்டும். வர்க்கமூலம் காணல், நேரம் அளத்தல் போன்ற வேலைகளுக்காக முன்பே எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பே நூலகம். நம் நிரல் ஓடும்போது, தேவையானதை அங்கிருந்து அழைத்துக்கொள்கிறது. விதிகளும் நூலகமும் பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன.

2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் இடம்பெற்ற பைத்தான் மொழியைப் பார்ப்போம். 1991இல் வெளிவந்த இம்மொழியின் 3ஆம் பதிப்பு 2008இல் வந்தது. 2ஆம் பதிப்பில் 'பிரிண்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறி தேவையில்லை. 3ஆம் பதிப்பில் கட்டாயம். நூலகத்தில் நேரம் அளக்க இருந்த 'கிளாக்' என்னும் செயல்கூறு, 2019இல் வந்த 3.8 பதிப்பில் நீக்கப்பட்டது. இவற்றை நம்பிய பழைய நிரல்கள் பிழை காட்டி நின்றுவிடும்.

நிற்பதுகூட நல்லதே. நிற்காமல் வேறு விடை தந்தால்? 5ஐ 2ஆல் வகுத்தால் 2ஆம் பதிப்பு 2 என்றது. 3ஆம் பதிப்பு 2.5 என்கிறது. மதிப்பெண் சராசரி போடும் நிரலில் இது எத்தனை பெரிய வேறுபாடு!

'தமிழ்' என்ற சொல்லின் நீளம் கேட்டால், பழைய பதிப்பு பெரும்பாலும் 15 என்றது. புதியது 5 என்கிறது. யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள், ஆகவே 15. நாம் எண்ணும் எழுத்துகளோ மூன்றுதான்!

முன்னிருந்த குறைகளைத் திருத்தவே இம்மாற்றங்கள் செய்யப்பட்டன. எனினும் பழைய நிரல்களை மாற்றி எழுதக் காலம் வேண்டுமல்லவா? அதனால் 2ஆம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி முதல் நாள் வரை நீட்டிக்கப்பட்டது.

ஆகவே நிரல் எழுதும்போது, எந்தப் பதிப்புக்கு எழுதினீர்கள் என்பதை முதல் வரியிலேயே குறித்து வையுங்கள். புதிய கணிப்பொறியில் ஓட்டுமுன், விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்துச் சோதியுங்கள். 5ஐ 2ஆல் வகுக்கச் சொன்னாலே போதும். இருப்பது எந்தப் பூட்டு என்று தெரிந்துவிடும்.