முதலெழுத்தில் வேகத்தைச் சொல்லும் பெயர்கள்

சி-சவுண்டு என்ற கணினி இசை மொழியில் ஒரு மாறிக்குப் பெயர் வைக்கும்போது முதலெழுத்தை நம் இஷ்டத்துக்கு எழுத முடியாது. 'ஏ' என்று தொடங்கினால் அது ஒலிக்கான முழு வேகத்தில், அதாவது விநாடிக்கு 44,100 முறைகூட, கணக்கிடப்படும். 'கே' என்றால் அதைவிட மெதுவாக. 'ஐ' என்றால் சுரம் தொடங்கும்போது ஒரே ஒரு முறை. ஒலி மெல்லக் கூடிக் குறைவதற்கு 44,100 கணக்குகள் தேவையில்லை. சில ஆயிரமே போதும். கணினிகள் மெதுவாக இருந்த காலத்தில் இந்தச் சிக்கனம் பெரிய உதவி.

சி-சவுண்டின் வேர் 1957-இல் இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துப் பொறியாளர் மேக்ஸ் மேத்யூஸ், ஐபிஎம் 704 கணினிக்கு ஒரு நிரல் எழுதி 'மியூசிக்' என்றே பெயரிட்டார். ஒரே குரல், முக்கோண வடிவ அலை, அவ்வளவுதான். அதில் நியூமன் கட்மன் அமைத்த 'தி சில்வர் ஸ்கேல்' 17 விநாடியில் முடிந்துவிடும். அடுத்தடுத்த பதிப்புகளுக்கு எண் மட்டும் கூடியது. இந்த வம்சம் முழுவதையும் இன்று 'மியூசிக்-என்' என்கிறார்கள்.

மூன்றாவது பதிப்பில்தான் பெரிய திருப்பம். அலை உண்டாக்குவது, கூட்டுவது, பெருக்குவது என்று ஒலி வேலைகளைச் சிறு உறுப்புகளாகப் பிரித்தார் மேத்யூஸ். அவற்றை இணைத்தால் கிடைப்பது 'இசைக்கருவி'. அது வாசிக்க வேண்டிய பட்டியல் 'இசைக்குறிப்பு'. பொறியாளரின் சொற்களை ஒதுக்கி இசைஞரின் சொற்களை எடுத்ததுதான் அவர் செய்த மிக நல்ல காரியம் என்பேன். இசையமைப்பாளர்கள் தயங்காமல் உள்ளே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1968-இல் ஃபோர்ட்ரானில் வந்த மியூசிக் 5-இல் கட்டளைகள் மூன்றெழுத்துதான். சுரத்தைக் குறிக்கும் 'நோட்' என்ற சொல்லே என்-ஓ-டி ஆனது, இசைக்கருவி ஐ-என்-எஸ். ஒவ்வொரு வரியிலும் வரும் எண்களுக்கு பி1, பி2 என்று வரிசைப் பெயர்கள். சி-சவுண்டிலும் இந்தப் 'பி'க்கள் தொடர்கின்றன: பி1 எந்தக் கருவி, பி2 எப்போது தொடக்கம், பி3 எவ்வளவு நேரம். பி4 முதல் நம் விருப்பம்.

நிரல் ஊர் ஊராகப் போனபோது பெயரில் இயந்திரம் ஒட்டிக்கொண்டது. பேரி வெர்கோ எழுதிய மியூசிக் 360, ஐபிஎம் 360-க்கு உரியது. எம்ஐடியில் அவர் எழுதிய மியூசிக் 11, பிடிபி-11-க்கு உரியது. 'கே' குறிக்கும் அந்த மெதுவான தனி வேகம் என்ற யோசனை வந்ததும் இதில்தான். ஆனால் இரண்டும் அந்தந்த இயந்திரத்தின் அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டவை. இயந்திரம் வழக்கொழிந்தால் நிரலும் போச்சு. 1980-களின் நடுவில் அவரே மியூசிக் 11-ஐ 'சி' மொழிக்கு மாற்றியபோது பெயரிலும் இயந்திரத்தின் எண் போய் மொழியின் எழுத்து வந்தது. மிகச் சரியான முடிவு அது. அதனால்தான் சி-சவுண்டு இன்றைய கணினிகளிலும் ஓடுகிறது.

அதே பத்தாண்டில் பாரிஸின் இர்காம் நிறுவனத்தில் மில்லர் பக்கெட் உருவாக்கிய நிரலுக்கு மேத்யூஸைக் கௌரவிக்கும் விதமாக 'மேக்ஸ்' என்ற பெயர் வந்தது.

சி-சவுண்டு இலவசமாகவே கிடைக்கிறது. இசையிலோ நிரலிலோ ஆர்வம் இருந்தால் இறக்கிக்கொண்டு, 440 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு சுரம் எழுதிக் கேட்டுப்பாருங்கள்.