மழைக்காலத்தில் வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைக்கிறீர்களா? இதையெல்லாம் கவனிங்க!

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை காலம். சேரன்மகாதேவி போன்ற தாமிரபரணிக் கரை ஊர்களில் கார், சுற்றுலா வேனை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இடத்தைத்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணியிலும் வெள்ளம் கரைபுரண்டது. அதனால் ஆற்றோரம், வாய்க்கால் ஓரம், பள்ளம், மரத்தடி எதுவும் வேண்டாம். மேடான இடமே பாதுகாப்பு.

நிறுத்தும் முன் என்ன செய்யணும்?

* உள்ளே சுத்தம் செய்து காயவிடுங்க. ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். தின்பண்டத் துணுக்கு கிடந்தால் எலி வரும், வயரையும் கடிக்கும்.
* டீசல் டேங்கை நிரப்பிடுங்க. காலி இடத்தில் உள்ள ஈரக்காற்று நீராகி டீசலில் கலக்கும்.
* பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைங்க. சார்ஜ் சீக்கிரம் இறங்காது.
* ஹேண்ட் பிரேக்கை நாள்கணக்கில் போட்டு வைத்தால் பிரேக் ஒட்டிக்கொள்ளலாம். சமதரையில் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்க.
* பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டாதீங்க. உள்ளே ஈரம் தங்கித் துரு பிடிக்கும். காற்று போகும் துணிக் கவர் நல்லது.

தண்ணீர் புகுந்துவிட்டால்?

ஸ்டார்ட் செய்யவே கூடாது! இன்ஜினுக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கட்டி இழுத்துத்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகணும்.

தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. சொந்த வாகனச் சேதத்துக்கான பாலிசி இருக்கிறதா என்று மழைக்கு முன்பே பார்த்துடுங்க.