மஜ்ஜை மாற்றிய பின் எந்த வீட்டுக்கு?

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்காரர்களுக்கு டாடா புற்றுநோய் மருத்துவமனை பக்கம்தான். சயானில் ஸ்லோ வண்டி ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் பரேல். இந்தியாவின் முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை அங்கேதான் நடந்தது. 1983 மார்ச்சில், ரத்தப் புற்றுநோய் வந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு அவளுடைய சகோதரனின் மஜ்ஜையை டாக்டர் சுரேஷ் அத்வானி குழுவினர் ஏற்றினார்கள். இப்போது டாடாவின் மஜ்ஜை மாற்றுப் பிரிவு நவி மும்பை கார்கரில், ஆக்ட்ரெக் வளாகத்தில் இருக்கிறது. குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் பிடிக்க வேண்டும்.

"ஆபரேஷன் என்றைக்கு?" என்றுதான் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பார்கள். கத்தி வைக்கிற ஆபரேஷனே இதில் கிடையாது. பழைய மஜ்ஜையைக் கடும் கீமோ மருந்தால், சிலருக்குக் கதிர்வீச்சும் சேர்த்து, அழிப்பார்கள். பிறகு புது ஸ்டெம் செல்களை ரத்தம் ஏற்றுவதுபோலவே குழாய் வழியாக ஏற்றுவார்கள். அவை தாமாக எலும்புக்குள் போய்க் குடியேறும். மைலோமா போன்ற நோய்களுக்கு நோயாளியின் சொந்த செல்களையே முன்கூட்டி எடுத்து, உறையவைத்துத் திரும்ப ஏற்றுவது வழக்கம். உறையவைக்கச் சேர்த்த ரசாயனம் மூச்சில் வெளியேறும்போது அறையில் பூண்டு வாடை அடிக்கும். பயப்பட ஒன்றுமில்லை, ஓரிரு நாளில் போய்விடும். மெல்பாலன் என்ற கீமோ மருந்து ஏறும்போது வாயில் ஐஸ் துண்டை அடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். மறுக்காதீர்கள். குளிரில் வாயின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, மருந்து அங்கே குறைவாகப் போகும். பின்னால் வாய்ப்புண் குறையும்.

யார் கொடுப்பது? எச்.எல்.ஏ. என்கிற திசுப் பொருத்தம் பார்ப்பார்கள். உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் முழுப் பொருத்தம் அமைய 25 சதவீத வாய்ப்பு. பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் பாதிப் பொருத்தம் இருக்கும். இன்று அதை வைத்தும் மாற்று சிகிச்சை நடக்கிறது. உறவில் யாரும் அமையாவிட்டால், சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி போன்ற கொடையாளர் பதிவகங்களில் தேடலாம். தங்கைக்குக் கொடுக்க அண்ணன் தயாராக இருந்தாலும், முதுகெலும்பில் ஊசி போட்டால் பையன் முடமாகிவிடுவான் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதுண்டு. முதுகெலும்பை யாரும் தொடுவதில்லை. மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து எடுப்பார்கள். சில வாரங்களில் மஜ்ஜை மறுபடி ஊறிவிடும். பெரும்பாலும் அதுகூட இல்லை. நாலைந்து நாள் ஊசி போட்டு, கை நரம்பு வழியாகவே செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள்.

செல் ஏற்றிய பின் இரண்டு முதல் நான்கு வாரம் வரை நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தியே இருக்காது. காற்றை வடிகட்டிய தனியறையில் வைத்திருப்பார்கள். அங்கே இருக்கும்வரை கவனித்துக்கொள்ள டாக்டர்களும் நர்ஸ்களும் உண்டு. டிஸ்சார்ஜ் ஆனபின் வருகிற மாதங்களைப் பற்றித்தான் நாம் போதுமான அளவு பேசுவதில்லை. முதல் 100 நாள் வாரத்துக்கு ஓரிரு முறையாவது பரிசோதனைக்குப் போகவேண்டியிருக்கும். வேறொருவரின் செல்களைப் பெற்றவர்களுக்கு அவை உடம்பையே அந்நியமாக எண்ணித் தாக்கலாம். தோலில் தடிப்பு, நிற்காத வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை எது தெரிந்தாலும் அன்றே சொல்ல வேண்டும். அதை அடக்கக் கொடுக்கும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே அடக்கும்.

இந்த உடம்போடு லேபர் கேம்பில் எந்த வீட்டுக்குத் திரும்புவது? ஒரே அறை, அதிலேயே சமையல், குளிக்கும் மூலையான மோரி, ஐந்தாறு பேர் படுக்கை. பொதுக் கழிப்பறை. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்து டிரம்மில் சேர்த்துவைத்த தண்ணீர். பக்கத்து வீட்டில் ஒருவர் இருமினால் சுவர் தாண்டிக் கேட்கும். காசநோய் புதிதல்லாத பகுதி. போதாததற்கு எங்காவது சுவரை இடித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தப் புழுதியில் பறக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை நமக்கு ஒன்றும் செய்யாது. மஜ்ஜை மாற்றியவரின் நுரையீரலில் இறங்கினால் உயிரையே எடுக்கக்கூடும். இது அந்தக் குடும்பத்தின் குற்றமல்ல. நகரம் அவர்களுக்கு விட்டுவைத்த இடம் அவ்வளவுதான்.

ஆகவே அட்மிட் ஆவதற்கு முன்பே மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் வீட்டு நிலையை ஒளிக்காமல் சொல்லுங்கள். செலவுக்கு முதலமைச்சர் நிவாரண நிதி, பிரதமர் நிவாரண நிதி ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்க உதவுவது மட்டும் அவர் வேலையல்ல. தங்குமிடம் தேடவும் அவர் வழி சொல்வார். தாதரில் புற்றுநோயாளிகள் தங்கும் காட்கே மகராஜ் தர்மசாலையில் வெளியூர்க்காரர்கள்தான் பெரும்பாலும் இருப்பார்கள். உள்ளூர்க்காரர் நாம் எப்படிக் கேட்பது என்று தயங்க வேண்டாம். இன்னொன்றையும் முன்னாலேயே கேட்க வேண்டும்: பின்னால் குழந்தை பிறக்குமா? கடும் கீமோ அந்த வாய்ப்பைப் பறித்துவிடலாம். கல்யாணமாகாத பையனானால் விந்தணுவைச் சேமித்துவைக்க முடியும். வெட்கத்தில் இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

வீடு திரும்பிய பின் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் குரோசின் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுக்கக் கூடாது. சிகிச்சை செய்த மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டு உடனே கிளம்ப வேண்டும். அவசரத்தில் பக்கத்திலுள்ள சயான் மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தால், மஜ்ஜை மாற்று ஆனவர் என்பதை வாசலிலேயே சொல்லி டிஸ்சார்ஜ் காகிதத்தைக் காட்டுங்கள். ரத்தம் ஏற்றவேண்டி வந்தால் கதிரூட்டிய ரத்தம்தான் ஏற்ற வேண்டும். சாதாரண ரத்தத்தில் உயிரோடிருக்கும் வெள்ளணுக்கள் இவர் உடம்பைத் தாக்கக்கூடும் என்பதால், அந்தக் குறிப்பு காகிதத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறதா என்று டிஸ்சார்ஜ் அன்றைக்கே பார்த்து வாங்குங்கள்.