இறால் ஓடும் கத்தரி வேரும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இறால் உரிக்கிற பெண்களின் காலடியில் தலையும் ஓடும் குவிந்துகிடக்கும். ராயபுரத்துக்காரர்களே மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற அந்தக் குவியலுக்கும், ஊத்துக்கோட்டைப் பக்கம் வாடி நிற்கிற கத்தரிச் செடிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு.

வாடிய செடியைப் பிடுங்கி வேரை அலசிப் பாருங்கள். பாசிமணி கோத்ததுபோல் முடிச்சு முடிச்சாக இருக்கும். உளுந்து வேரிலும் முடிச்சு உண்டு. ஆனால் அது நகம் பட்டாலே உதிரும், பயிருக்கு நல்லதும்கூட. கத்தரியில் வீங்கியிருப்பது வேரேதான், உதிராது. உள்ளே இருப்பது வேர்முடிச்சு நூற்புழு. ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். விவசாயிகளுக்குப் பழக்கமான வைத்தியம் ஃபியூரடான் குருணை. நூற்புழுவோடு மண்புழுவையும் குருவியையும் சேர்த்துக் கொல்கிற விஷம் அது.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் பல காலமாகச் சொல்லிவரும் மாற்று, சூடோமோனாஸ் என்கிற மண் பாக்டீரியா. ஏக்கருக்கு ஒரு கிலோ, தொழுவுரத்தோடு கலந்து இடவேண்டும். அது வேரைச் சுற்றிக் குடியேறி, புழுவுக்கு ஆகாதவற்றைச் சுரக்கும். செடியின் எதிர்ப்புச் சக்தியையும் உசுப்பிவிடும்.

இறால் ஓடு எங்கே வருகிறது? நூற்புழுவின் தோலில் கைட்டின் என்கிற பொருள் கிடையாது. முட்டையின் ஓட்டில் உண்டு. இறால், நண்டு ஓடுகளிலும் இருப்பது அதே கைட்டின்தான். ஓட்டுத்தூளை மண்ணில் போட்டால் கைட்டின் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி, புழுவின் முட்டையையும் பதம் பார்க்கும். அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ரோட்ரிகஸ் கபானா 1980-களில் இதைத்தான் சோதித்தார். சூடோமோனாசுடன் கைட்டினைச் சேர்க்கும் ஆய்வு கோவையிலும் நடந்திருக்கிறது.

அதற்காக ஓட்டை லாரியில் ஏற்றிவிட முடியாது. மேல்மண்ணின் எடையில் 1 சதவீதம் என்று வைத்தால்கூட ஏக்கருக்கு 8 டன் ஆகிறது. ஓடு மட்கும்போது அமோனியா வேறு கிளம்பும். 2023 டிசம்பரில் கசிந்து எண்ணூரையே ராத்திரியில் எழுப்பி ஓடவைத்த அதே வாயு! மண்ணுக்குள் அது புழுவைக் கொல்லும். அளவு மீறினால் நாற்றையும் கருக்கிவிடும். நடவுக்குச் சில வாரம் முன்பே கொஞ்சமாக, உப்புப் போக அலசிப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

பாக்டீரியாவால் பலனில்லை என்று அலுத்துக்கொள்பவர்களில் பலர், குருணை மாதிரி காய்ந்த மண்ணில் தூவிவிட்டுப் போனவர்கள். அது உயிர், ஈரமும் மட்கும் இல்லாமல் பிழைக்காது. பொட்டலம் வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயிலில் மூட்டையை அடுக்கிவைத்திருக்கிற கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.