காட்டுத் தீயும் கருவிக் கண்ணும்

சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் மாசி மாதம் பிறந்ததும் சேர்வராயன் மலை, கொல்லி மலை, போதமலை முதலியவற்றின் சரிவுகளில் புல்லும் சருகும் காய்ந்து விடுகின்றன. அது முதல் கோடை மழை பெய்யும் வரையில் காட்டுத் தீக்கு உரிய காலமாகும். அடிவாரத்துக் குடியானவர்களுக்கு இதனால் நேரும் நஷ்டம் சிறிதன்று. மேய்ச்சற் புல் அழிகிறது. மூடாக்கு நீங்கிய சரிவின் மேல்மண் அடுத்த மழையில் அரித்துச் செல்லப்பட்டு ஏரிகளைத் தூர்க்கிறது.

தொடக்கத்திலேயே அறிந்தால், சிலர் கூடிப் பச்சைத் தழையால் அடித்தே தீயை அணைத்து விடலாம். அவ்வாறு அறிவிக்க இப்பொழுது கருவிகள் உள்ளன. எரியும் பொருள் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கிரணங்களை மிகுதியாக வெளியிடுகிறது. டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், 2004-ஆம் ஆண்டு முதல் செயற்கைக் கோள்களின் வாயிலாக இக்கிரணங்களைக் கண்டு, தீ எழுந்த இடங்களைத் தெரிவித்து வருகிறது. அக்கோள்களிலுள்ள விர்ஸ் என்னும் கருவி பூமியை ஏறத்தாழ 375 மீட்டர் சதுரக் கட்டங்களாக நோக்குகிறது. கட்டத்தின் ஒரு சிறு பகுதி எரிந்தாலும் அதன் உஷ்ணம் தனித்துத் தெரியும். பெயரைப் பதிவு செய்துகொள்ளும் எவருக்கும் கைபேசியில் செய்தி வரும்.

ஆயினும் இதற்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, இக்கோள்கள் நம் பிரதேசத்தைக் கடப்பது பெரும்பாலும் நண்பகலுக்குச் சற்றுப் பின்னும், நள்ளிரவுக்குச் சற்றுப் பின்னுமே. மாலை நான்கு மணிக்குப் பற்றிய தீயை இரவு வரையில் அவை காணமாட்டா. இரண்டாவது, வன எல்லைக்குள் எழும் தீ மட்டுமே அறிவிக்கப்படும். பட்டாவிலுள்ள சோளத்தட்டுப் போர் பற்றினால் எச்செய்தியும் வாராது.

முதற் குறையை நீக்க, குன்றின் மேல் இடைவிடாது நோக்கும் காமிராக்களை நிறுவுகின்றனர். மகாராஷ்டிரத்துப் பெஞ்ச் புலிகள் காப்பகத்தில் 2024-இல் இவ்வகை ஏற்பாடு தொடங்கப்பட்டது. காமிரா எடுக்கும் படங்களைக் கணிப்பொறி ஆராய்ந்து, புகையை அடையாளம் கண்டு, சில நிமிஷங்களில் எச்சரிக்கிறது.

இரண்டாவது குறையை நீக்க வேண்டியவர் விவசாயியே. மலையை ஒட்டிய வரப்பில் நண்பகற் காற்றில் சருகைக் கொளுத்தலாகாது. காட்டை அடுத்த ஓரத்தில் சில அடி அகலம் உழுது, சருகின்றி வைத்தல் வேண்டும். போர்களை வீட்டிற்கும் தொழுவத்திற்கும் எட்ட, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு அமைத்தல் நலம். புகை கண்டதும் 101 அல்லது 112 என்ற எண்ணுக்கும், வனக் காவலருக்கும் தெரிவிக்க வேண்டும்.

கருவி தீயைக் காட்டும், அணைப்பதில்லை. ஓராண்டுத் தீவனம் ஒரு நாழிகையில் சாம்பலாகாதிருப்பது அவரவர் முன்ஜாக்கிரதையைப் பொறுத்தது. இதனை விவசாயிகள் கோடைக்கு முன்னரே மனத்திற்கொள்வார்களாக.