ரூபிக்ஸ் க்யூபில் கலாம் முகம் உருவாவது எப்படி? ஆறே நிறங்களில் நடக்கும் வித்தை!

ஒரு ரூபிக்ஸ் க்யூபை சேர்க்கவே பலருக்கு தலை சுற்றும். ஆனால் சிலர் நூற்றுக்கணக்கான க்யூப்களை வேண்டுமென்றே கலைத்து, அடுக்கி, அதில் ஒரு மனிதரின் முகத்தையே கொண்டு வந்துவிடுகிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் வெறும் வண்ணக் கட்டங்கள்தான். பத்தடி பின்னால் போனால் முகம் தெரியும்.

இது எப்படி சாத்தியம்? ராமநாதபுரம் மாவட்டம் சிக்கலில் இருக்கும் ஒரு மாணவர் இதைச் செய்ய முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

தொடங்கியது யார்?

ஹங்கேரியைச் சேர்ந்த எர்னோ ரூபிக் 1974-ல் இந்த க்யூபை உருவாக்கினார். 1980-ல் உலகச் சந்தைக்கு வந்தது. அதை ஓவியமாக மாற்றி உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தவர், 'இன்வேடர்' என்ற புனைபெயரில் இயங்கும் பிரான்ஸ் தெருக்கலைஞர். இந்தப் பாணிக்கு 'ரூபிக்க்யூபிசம்' என்றும் பெயர் வைத்தார்.

2005-ல் அவர் 330 க்யூப்களைக் கொண்டு மோனாலிசாவை உருவாக்கினார். 2020 பிப்ரவரியில் பாரிசில் நடந்த ஏலத்தில் அது 4,80,200 யூரோவுக்கு விலை போனது.

அடிப்படை என்ன?

புள்ளிக்கோலம் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். க்யூபின் ஒரு பக்கத்தில் 9 கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டமும் ஒரு புள்ளி, அதாவது ஒரு பிக்சல்.

அகலத்தில் 20, உயரத்தில் 25 என 500 க்யூப்களை அடுக்குவதாக வைத்துக்கொள்வோம். நமக்குக் கிடைப்பது 60க்கு 75, மொத்தம் 4,500 புள்ளிகள். ஒரு க்யூபின் பக்கம் சுமார் 5.7 செ.மீ. எனவே படம் சுமார் 114 செ.மீ. அகலம், 142 செ.மீ. உயரம் இருக்கும்.

நம்ம செல்போன் கேமரா எடுக்கும் போட்டோவில் பல லட்சம் புள்ளிகள். அதை வெறும் 4,500 ஆகச் சுருக்கியும் முகம் தெரிய வேண்டும் என்பதுதான் சவால்.

கருப்பே இல்லாமல் தலைமுடி எப்படி?

க்யூபில் வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை, நீலம் என ஆறே நிறங்கள். கருப்பு கிடையாது. நம்ம ஊர் முகங்களுக்குத் தேவையான பழுப்பும் கிடையாது.

அதனால் கலைஞர்கள் நிறத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள். நெற்றி, மூக்கு நுனி போல வெளிச்சம் படும் இடங்களுக்கு வெள்ளை, மஞ்சள். கன்னத்துக்கு ஆரஞ்சு, சிவப்பு. தலைமுடி, புருவம், நிழலுக்கு நீலம். இடைப்பட்ட நிழல்களுக்கு சிலர் பச்சையைச் சேர்ப்பார்கள், சிலர் பச்சையையே தொட மாட்டார்கள்.

சிவப்பையும் ஆரஞ்சையும் மாற்றி மாற்றி வைத்தால், தூரத்தில் இருந்து பார்க்கும் கண் இரண்டையும் கலந்து புதிய நிறமாக எடுத்துக்கொள்ளும். நேரில் முகம் பிடிபடவில்லையா? கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். இல்லையென்றால் செல்போன் கேமரா வழியாகப் பாருங்கள். சட்டென்று தெரியும்.

படிப்படியாகச் செய்வது எப்படி?

1. வெளிச்சமும் நிழலும் நன்றாகப் பிரியும் ஒரு போட்டோவைத் தேர்வு செய்ய வேண்டும். இங்கே தவறினால் பிறகு சரிசெய்வது கஷ்டம்.

2. கணினியில் அதை 60க்கு 75 புள்ளிகளாகச் சுருக்கி, ஆறு நிறங்களுக்கு மாற்ற வேண்டும். இலவச போட்டோ எடிட்டிங் மென்பொருளே போதும். கணினி இல்லையென்றால் கிராஃப் தாளில் கையாலும் வரையலாம்.

3. படத்தை மூன்றுக்கு மூன்று கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் கொடுக்க வேண்டும்.

4. ஒவ்வொரு க்யூபிலும் ஒரு பக்கத்தை மட்டும் அமைக்க வேண்டும். நடுக்கட்டத்தின் நிறத்தை வைத்துப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, பிறகு ஓரங்கள், கடைசியில் மூலைகள். மற்ற ஐந்து பக்கங்கள் எப்படி இருந்தாலும் கவலையில்லை.

5. மரச்சட்டத்துக்குள் கீழ் வரிசையில் இருந்து செங்கல் அடுக்குவது போல அடுக்க வேண்டும்.

ஒரு பக்கத்தில் எந்த நிறத்தை எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் கொண்டுவர முடியும். அப்படி ஒரே பக்கத்தில் 1,00,77,696 விதமான வடிவங்கள் சாத்தியம். அதனால் 'இந்த வடிவம் வராது' என்ற பேச்சுக்கே இடமில்லை.

எல்லாம் கணினியே செய்கிறதே, இதில் கலை எங்கே?

நியாயமான கேள்விதான். ஆனால் இவ்வளவு சிறிய படத்தில் ஒரு கண்ணுக்குக் கிடைப்பது ஏழெட்டுப் புள்ளி அகலம்தான். அதில் ஒரு கட்டம் மாறினாலும் பார்வை மாறிவிடும், ஆளே வேறு ஆளாகிவிடுவார். கணினி தரும் வரைபடத்தில் கண், உதடு ஆகியவற்றை மட்டும் கையால் திருத்த வேண்டியிருக்கும். எதை விடுவது, எதை வைப்பது என்ற முடிவு மனிதருடையது.

ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாமை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவகிடு எடுத்து இருபுறமும் இறங்கும் அந்த வெள்ளி முடி சரியாக வந்துவிட்டால், மீதி முகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அவரை அடையாளம் கண்டுவிடுவோம்.

செலவு எவ்வளவு ஆகும்?

இங்கேதான் உண்மையான சிக்கல். ஒரு க்யூப் 100 ரூபாய் என்று வைத்தாலே 500 க்யூபுக்கு 50,000 ரூபாய். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைப்பு. தனி மாணவருக்கு இது பெரிய சுமை.

ஆனால் ஒரு வசதி உண்டு. க்யூப் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. ஒரு படத்தைக் கலைத்துவிட்டு அதே க்யூப்களில் அடுத்த படம் செய்யலாம். அமெரிக்காவில் பள்ளிகளுக்கு க்யூப்களை இரவல் தரும் திட்டமே இருக்கிறது. இங்கேயும் ஒரு பள்ளி ஒருமுறை வாங்கி வைத்தால், ஆண்டுதோறும் மாணவர்கள் குழுவாகச் செய்யலாம். வாங்கும்போது ஸ்டிக்கர் இல்லாத, பிளாஸ்டிக்கிலேயே நிறம் உள்ள க்யூப் நல்லது. ஸ்டிக்கர் உரிந்தால் படத்தில் ஓட்டை விழும்.

கவனிக்க வேண்டியது

இணையத்தில் கிடைக்கும் போட்டோவை வைத்துச் செய்து விற்கப் போகிறீர்களா? போட்டோவுக்கு உரிமையாளர் உண்டு. இந்தியச் சட்டப்படி போட்டோ எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் காப்புரிமை இருக்கிறது. அனுமதி வாங்குங்கள், அல்லது நீங்களே எடுத்த போட்டோவில் தொடங்குங்கள்.

முதல் முயற்சிக்கு 500 க்யூப் எல்லாம் வேண்டாம். நண்பர்களிடம் இருப்பதைச் சேர்த்து 25 க்யூபில் ஒரு எழுத்தோ, ஒரு மீனோ செய்து பாருங்கள். அது சரியாக வந்துவிட்டால், முகம் செய்யும் நம்பிக்கை தானாக வரும்.